பொன்னி பேசாத வரி

அந்தப் பாட்டிலை இப்படிக் கொடுங்க சார். இல்லை, மேசை மேல் வேண்டாம். இந்தத் தலையணைக்குப் பின்னால் வைத்துவிடுகிறேன். மூடியில் ஓட்டை போட்டிருக்கிறீர்களா? நல்லது. எல்லாம் உயிரோடுதான் இருக்கிறதா? அதுவும் நல்லது. என் வீட்டுக்காரி மொட்டை மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் இறங்கி வருவதற்குள் பேசி முடித்துவிடலாம். பாட்டில் மட்டும் அவள் கண்ணில் படக் கூடாது.

உட்காருங்க. அந்த நாற்காலி ஆடும், சுவரோரம் சாய்ந்துகொண்டால் ஆடாது.

போனில் என்ன சொன்னீர்கள்? "உங்க கார்ட்டூன் படத்தைப் பார்த்துட்டு எங்க காலனியே முள்ளாண்டி வேட்டையில இறங்கிடுச்சுங்க. டைரக்டரை நேர்ல பார்த்துக் கை குடுக்கோணும்" என்றீர்கள். டைரக்டர்! அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பகல் தூக்கத்தை விட்டுவிட்டு, குளித்து, சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் குடியிருப்பில் இப்போது என்னை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் நீங்கள் பாட்டிலோடு வருவீர்கள் என்று நினைக்கவில்லை. என் படம் ரயில்வே கேட்டைத் தாண்டி உங்கள் காலனி வரைக்கும் வந்துவிட்டது என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். யார் அனுப்பினார்கள்? சரி விடுங்க, நல்ல படம் நாலு பேர் கைக்குப் போகத்தான் செய்யும்.

ஆனால் அதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் விளங்கும்.

என் பெயர் மகுடேசன். டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ராத்திரி கேமரா ரூம் வேலை. சுவர் முழுக்கத் திரை. பட்டுப் பிரிவு ஒரு திரையில், படிக்கட்டு ஒரு திரையில், லிஃப்ட் வாசல், பின்பக்கக் கேட், இப்படி. கடையைப் பூட்டின பிறகு அதில் எதுவும் அசையாது. அசையக் கூடாது, அதற்குத்தான் எனக்குச் சம்பளம். புடவை கட்டின பொம்மைகள் நிற்கும். விடியும் வரைக்கும் நிற்கும். சத்தமும் கிடையாது. வருஷக்கணக்கில் இதையே பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷன் என்ன ஆவான், சொல்லுங்க? ஒன்று குடிப்பான், இல்லை கவிதை எழுதுவான். எனக்கு அந்தப் பொம்மைகளில் ஒன்று கையைத் தூக்கித் தலையைச் சொறிந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது.

அப்படி ஆரம்பித்ததுதான். வாத்தியார் கிடையாது. யாரோ ஒரு வெள்ளைக்காரன் போனில் வரைந்து காட்டுவான். அவன் பேசுவது புரியாது, கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் ஒரு பந்தைத் துள்ள வைத்தேன். அப்புறம் ஒரு அணில் ஓடியது. ஓடியது என்று நான் சொல்கிறேன், கோதை பார்த்துவிட்டு, "பாவம், கால்ல அடிபட்டுருச்சுங்களா?" என்றாள். கோதை என்றால் என் வீட்டுக்காரி, பூங்கோதை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே ஓட்டை என்று பார்ப்பது. குறை கண்டுபிடிப்பதற்கென்றே ஒருத்திக்குச் சம்பளம் கொடுத்தால் அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வரத்தானே செய்யும்? நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் வேலை முடித்துக் காலையில் வருவேன், அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். நடுவில் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் காபி. அவள் செடிகளிடம் நடந்துகொண்டே பேசுவாள், நான் போனில் வரைந்துகொண்டே கேட்பேன். எங்கள் குடித்தனம் முழுவதும் அந்தக் காபி டம்ளருக்குள்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மற்றபடி பகலில் தூங்குகிறவனை யாருக்குத் தெரியும்? கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் கோதையிடம், "உங்க வீட்டுக்காரர் துபாய்லீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளும், "இல்லீங்க, ரூம்ல தூங்கறார்" என்றாளாம். அவர்கள் நம்பவில்லை.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். எங்கள் மாடி பொதுமாடி. ஆளுக்கு ஒரு மூலை. செடிப்பைகளில் கத்தரி, வெண்டை, தக்காளி, பந்தல் போட்டுக் கொடிகள். எல்லாரும் ஆசைக்கு வைத்தார்கள், ஆசைக்கு மருந்தும் அடித்தார்கள். ஓர் எறும்பு ஊர்ந்தால் போதும், ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கோதையுடைய பீர்க்கங்கொடி பூப்பூவாகப் பூத்தது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

"தேனீயே வர்றதில்லீங்க. ஆளாளுக்கு மருந்தடிச்சா அது எப்படி வரும்?" என்றாள். பூச்சியெல்லாம் கெட்டதில்லை, பூச்சியைத் தின்கிற பூச்சியும் இருக்கிறது, எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் தோட்டம் என்று எழுதி மாடிக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினாள். அதன் மேலேயே ஒருத்தர் ஈரத்துண்டைக் காயப்போட்டார்.

அப்புறம்தான் என்னிடம் வந்தாள். "ஏனுங்க, நீங்கதான் பொம்மைய ஓட வெக்கறீங்களே. பூச்சிகள ஓட விடுங்க. படமா இருந்தா பாப்பாங்க."

இந்த யோசனை எனக்கு ஏற்கெனவே இருந்தது. அவள் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

கதாநாயகி யார் என்பதில் சண்டையே இல்லை. பொறிவண்டு. சிவப்பு முதுகு, கறுப்புப் பொட்டு, வரைய வரைய அழகு. செடியில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகிற அசுவினியைத் தின்கிற புண்ணியவதி. பொன்னி என்று பெயர் வைத்தோம். வில்லன் விஷயத்தில்தான் கோதை குறுக்கே விழுந்தாள்.

"வில்லன் எதுக்குங்க? எல்லா உசுரும் சேந்து இருக்கோணும்னுதானே சொல்லப் போறீங்க?"

"வில்லன் இல்லாத படத்தை யாரு பாப்பா?"

"அப்ப அசுவினியவே வில்லனா வெச்சுக்குங்க."

"அது கடுகாட்ட இருக்குது. கடுகைப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?"

மறுநாள் காலையில் கடவுளாகப் பார்த்துக் கொடுத்த மாதிரி கிடைத்தான் சார் ஒருத்தன். கோதையுடைய அவரைக் கொடியில், சரியாக அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில். கறுப்பு உடம்பு, முதுகெல்லாம் முள், பக்கத்தில் ஆரஞ்சுத் திட்டு, முதலை மாதிரி ஊர்கிறான். விரல் நகத்தளவுதான், ஆனால் என்ன ஒரு முகம்! படம் எடுத்துக்கொண்டேன். முள்ளாண்டி என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டேன்.

கோதை எட்டிப் பார்த்து, "இது என்ன பூச்சின்னு யாரையாச்சும் கேட்டுட்டுப் போடுங்க" என்றாள்.

என்னைப் பார்த்துச் சொல்கிறாள்! திருடனை முகத்தைப் பார்த்தே சொல்வது என் தொழில். ஒரு தடவை கடை பூட்டுகிற நேரத்தில் தொளதொளச் சட்டையும் திருட்டு முழியுமாக ஒருத்தன் மாடி ஏறுவதைத் திரையில் பார்த்து நான்தான் ஆளை அனுப்பி மடக்கினேன். அவர் முதலாளியுடைய மச்சான் என்று அப்புறம் தெரிந்தது. அது கேமரா கோணத்தில் இருந்த கோளாறு. அந்தக் கோணத்தில் என் அப்பாவே திருடன் மாதிரிதான் தெரிவார்.

படம் வரைந்து முடிக்க ஆடியில் ஆரம்பித்துக் கார்த்திகை ஆகிவிட்டது. இதில் கஷ்டமான வேலை எது தெரியுமா? வாய். பேசும்போது வாய் பேச்சோடு பொருந்த வேண்டும். ம, ப வந்தால் உதடு மூட வேண்டும். ஆ வந்தால் திறக்க வேண்டும். ஓ வந்தால் குவிய வேண்டும். சும்மா பப்பப்பே என்று ஆட்டிவிட்டால் வேற்று மொழிப் படம் மாதிரி ஆகிவிடும். அதனால் கோதையை எதிரில் உட்கார வைத்துப் பேசச் சொல்லி வாயைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயை நான் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. முதல் நாள் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள், ஒரு கோடும் போட முடியவில்லை. நேரம் வீண். அப்புறம் பழகிவிட்டது. அந்த நாட்களில் அவளே காபியை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு என்ன பேசட்டுமுங்க?" என்று வந்து உட்காருவாள். தொழிலில் அவளுக்கும் ஓர் ஆர்வம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

குரலும் அவளுடையதுதான். வேறு யார் இருக்கிறார்கள்? ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜை நிறுத்தி, தலை மேல் கம்பளிப் போர்வையைப் போட்டுவிட்டேன். எதிரொலி வராது. உள்ளேயிருந்து பொன்னி பேசினாள். நன்றாகவே பேசினாள். கடைசி வரியில்தான் தகராறு. "முள்ளாண்டியைக் கண்டால் விடாதே, நசுக்கு!" என்பது வரி. போர்வைக்குள்ளிருந்து, "பொறிவண்டு இப்படியெல்லாம் பேசுமுங்களா?" என்று கேட்டாள். பேசும் என்றேன். "ஒரு தடவதான் சொல்லுவேன்" என்றாள். ஒரே தடவையில் சொன்னாள். பிரமாதமாக வந்தது.

மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டி, பொழுது மசங்கற நேரத்தில் படம் போட்டோம். பெரியவர்களெல்லாம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி வந்தார்கள், ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்தது பெரியவர்கள்தான். எங்கள் குடியிருப்புச் செயலாளர் துரைக்கண்ணு, மைக் கிடைத்தால் விடாத மனுஷர், அவருக்கு முள்ளாண்டியை ரொம்பப் பிடித்துவிட்டது. "அந்த நடை இருக்குது பாருங்க, அட்டகாசம்!" என்று தொடையைத் தட்டினார். அவருடைய நடையைத்தான் போட்டிருந்தேன். அவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்தது.

படம் முடிந்ததும் கைதட்டல். பெண்கள் எல்லாரும் கோதையைச் சூழ்ந்துகொண்டு, "அந்தப் பொன்னி பேசறதக் கேட்டுட்டே இருக்கலாமாட்ட இருக்குது" என்றார்கள். என்னிடமும் ஒருத்தர் வந்தார். "நீங்கதான் அந்த துபாய்க்காரருங்களா?" என்றார். மறுநாளிலிருந்து நான் டைரக்டர். காலையில் கேட்டுக்குள் நுழைந்தால், "டைரக்டர் சார், வேலை முடிஞ்சுதுங்களா?" பால்காரரிலிருந்து இஸ்திரிக்காரர் வரைக்கும். என்னை மற்றவர்கள் பார்ப்பது எனக்குப் புதுசு சார். நான்தானே எப்போதும் பார்க்கிற ஆள்.

நியாயமாகப் பேச வேண்டும், படம் வேலை செய்தது. மருந்தடிப்பது நின்றது. ஒரே வாரத்தில் ஸ்பிரேயரெல்லாம் பரணுக்குப் போனது. தேனீ வந்தது. தேன்சிட்டு வந்தது. பீர்க்கையில் பிஞ்சு நின்றது. கோதை ஒவ்வொரு பிஞ்சையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

கூடவே முள்ளாண்டி வேட்டையும் ஆரம்பித்தது. அது நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது. புருவம் பிடுங்குகிற இடுக்கியை எடுத்துக்கொண்டு பெண்கள் மாடி ஏறினார்கள். ஆண்கள் டார்ச்சோடு இலைகளைப் புரட்டினார்கள். துரைக்கண்ணு, பொங்கல் விழாவில் யார் பாட்டிலில் அதிக முள்ளாண்டி இருக்கிறதோ அவர்களுக்குக் குக்கர் பரிசு என்று அறிவித்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? அடுத்தவர் செடியில் ஏறிப் பிடித்துவிட்டார்கள் என்று இரண்டு வீட்டுக்கு நடுவில் பேச்சே நின்றது.

மார்கழி ஆக ஆக அவரைக் கொடிகளில் அசுவினி அப்பிக்கொண்டது. தண்டு தெரியாத அளவுக்கு. இலையெல்லாம் பிசுபிசு என்று ஒட்டி, அதன் மேல் கரி பூசின மாதிரி கறுப்பு. பூ உதிர்ந்தது. எல்லாரும் என்னிடம் வந்தார்கள். "டைரக்டர் சார், இன்னும் எங்கயோ முள்ளாண்டி இருக்கறானாட்டத் தெரியுதே?" நானும் பொறுப்போடு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, 'முள்ளாண்டி எங்கே ஒளிவான்?' என்று சின்னதாக இன்னொரு படம் போட்டுக் கொடுத்தேன். இலையின் அடிப்பக்கம், கொழுந்தின் மடிப்பு, எல்லாம் அம்புக்குறி போட்டு. இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் பிடித்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் கோதை ஏதோ சொன்னாள். "முள்ளாண்டி இல்லாத கொடியிலதான் அசுவினிப் பேன் ஜாஸ்தியா இருக்குதுங்க. நம்ம கொடிய ரெண்டு நாள் யாரையும் தொட உடாதீங்க" என்று. நான் அப்போது காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பின்னணி இசை கோத்துக்கொண்டிருந்தேன். சரி சரி என்றேன் போலிருக்கிறது. அவள்தான் சொல்கிறாள், எனக்கு ஞாபகமில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோதை வருஷா வருஷம் பொங்கலுக்கு எல்லா வீட்டுக்கும் ஒரு கை அவரைக்காய் கொடுப்பாள். பூசணியும் அவரையும் மொச்சையும் இல்லாமல் பொங்கலா? "கோதை வீட்டு அவரை" என்று பேரே உண்டு. அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பொரியலுக்கே கடையில்தான் வாங்கினோம்.

பொங்கல் விழாவுக்கு வருகிறேன். மாடியில் கோலம், கரும்பு, மைக் செட். பின்னால் வேட்டியில் என் படம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தோடு. துரைக்கண்ணுவுடைய ஏற்பாடு. மேசையில் வரிசையாகப் பாட்டில். ஊறுகாய் பாட்டில், தேன் பாட்டில், ஒருத்தர் சாம்பார் தூக்கே கொண்டு வந்திருந்தார். எல்லாவற்றிலும் உப்புத் தண்ணீரில் முள்ளாண்டி, செத்து மிதந்துகொண்டு.

ஒரே ஒரு பாட்டிலில் தண்ணீர் இல்லை. அது எதிர்வீட்டு அமிர்தவல்லி அம்மாவுடையது. அந்த அம்மா சன்மார்க்கம். கொசுவைக்கூட "போ சாமி" என்று கையால் ஓட்டுவார்கள். போட்டியில் கலந்துகொள்ளவும் ஆசை, கொல்லவும் மனசில்லை. பிடித்தவர்களையெல்லாம் பாட்டிலில் விட்டு, வாயில் துணி கட்டி, பசித்த உயிருக்குச் சோறு போடாமல் இருக்க முடியுமா என்று தினமும் அவரைக் கொழுந்தை அசுவினியோடு ஒடித்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கண் சரியாகத் தெரியாது. நாலு நாளாக எல்லாம் இலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கவும், தவம் இருக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டார்களாம்.

துரைக்கண்ணு மைக்கில், "அடுத்து அமிர்தவல்லியம்மா!" என்று துணியை அவிழ்த்தார்.

உள்ளேயிருந்து பொறிவண்டு பறந்தது சார். ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. ஒன்று நேராகப் போய் வேட்டியில் ஓடிக்கொண்டிருந்த பொன்னியின் மூக்கு மேலேயே உட்கார்ந்தது.

துரைக்கண்ணு பாட்டிலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். "ஏனுங்கம்மா, முள்ளாண்டி எங்கீங்க?"

அமிர்தவல்லி அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்கள். "திருந்திட்டானுங்க தம்பி! வயிறாரச் சோறு போட்டேன், திருந்திட்டான்!"

"அதெல்லாம் சரீங்க. விதிப்படி பாட்டில்ல முள்ளாண்டி இருக்கோணும். இதுல பொன்னிதான் இருக்குது. உங்களுக்குப் பரிசு இல்லீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கோதை மட்டும் சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தையல் விட்ட இடத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "ஏனுங்க, இங்க வந்து இதப் பாருங்க" என்றாள். ஓர் இலையில் கூடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் முள்ளாண்டியின் சட்டை, அதே முள், சுருங்கிக் கிடந்தது. கூடு பிளந்து, உள்ளேயிருந்து மஞ்சளாக, பொட்டே இல்லாமல், அப்போதுதான் குளிப்பாட்டின மாதிரி ஒரு பொறிவண்டு பாதி வெளியே வந்திருந்தது. அது தன் சிவப்புக்காகக் காத்திருந்தது.

முள்ளாண்டி என்பது பொறிவண்டுடைய குட்டி. வளர்ந்தால் பொன்னி. அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் அவன் உட்கார்ந்திருந்தது அதைத் தின்பதற்கு. எனக்கு ஏற்கெனவே அப்படி ஒரு சந்தேகம் இருந்தது. இரண்டாம் பாகத்தில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

பாட்டில் கைமாறிக் கைமாறிப் போனது. பார்த்தவர்களெல்லாம் அப்புறம் அவரவர் பாட்டிலைப் பார்த்தார்கள். சாம்பார் தூக்குக்காரர் மெதுவாக மூடியைப் போட்டார். அந்த அமைதியில் பின்னால் படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துக் கோதையுடைய குரல் ஸ்பீக்கரில், "முள்ளாண்டியைக் கண்டால் விடாதே, நசுக்கு!" என்றது. படம் முடிந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. கோதை போய் ஒயரைப் பிடுங்கினாள். படி இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள். பொங்கல்கூடச் சாப்பிடவில்லை. பொங்கல் நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சொன்னாள், "படம் உங்களுதா இருக்கலாமுங்க. குரல் என்னுது. எல்லாரும் என் குரலக் கேட்டுட்டுத்தானே நசுக்குனாங்க? தாயே புள்ளைய நசுக்கச் சொன்னாப்பல ஆயிப்போச்சு."

கலையை இப்படிச் சொந்த விஷயமாக எடுத்துக்கொண்டால் எப்படி சார்? நீங்களே சொல்லுங்க. நான் ஒன்றும் கை கட்டி உட்கார்ந்திருக்கவில்லை. உடனே இரண்டாவது படத்தை ஆரம்பித்தேன். முள்ளாண்டி தின்கிறான், வளர்கிறான், இலையில் ஒட்டுகிறான், கூடு கட்டுகிறான், பிளந்து வருகிறான், மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பாகிறது, பொட்டு ஒவ்வொன்றாக ஊறி வருகிறது. அந்தப் பொட்டு ஊறுகிற இடம், சார், நான் இதுவரை வரைந்ததில் அதுதான். படம் தயார். மாசியிலேயே தயார். இப்போது ஆனி. ஆடிப்பட்டம் விதைக்கப் போகிறார்கள். ஆனால் குரல் இல்லை.

ஏன் இல்லை? கோதை பேச மாட்டேன் என்கிறாள். அதாவது, பேசுவாளாம், ஆனால் முடிவில் பொன்னி ஒரு வரி சொல்ல வேண்டுமாம். "போன படத்துல நான் தப்பாச் சொல்லிட்டேன். முள்ளாண்டி என் புள்ளை. அவன விட்டுருங்க." இந்த வரி இருந்தால் பேசுவாள், இல்லாவிட்டால் மாட்டாள்.

தப்பு என்று எப்படி சார் சொல்வது? சொன்னால் முதல் படம் என்ன ஆகும்? டைரக்டர் என்று கூப்பிட்டவர்களெல்லாம் என்ன நினைப்பார்கள்? இப்போது கூப்பிடுவதில்லை, அது வேறு விஷயம். காலையில் கேட்டுக்குள் வந்தால் இஸ்திரிக்காரர் துணியையே பார்த்துக்கொண்டு தேய்க்கிறார். துரைக்கண்ணு மட்டும், "முள்ளாண்டியாரே!" என்கிறார். அவருடைய நடை என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

வேறு வழியும் பார்த்தேன். அமிர்தவல்லி அம்மாவைப் பேசச் சொன்னேன். அவர்கள் ஒவ்வொரு வரியையும் பாட்டாகப் பாடினார்கள், பொறிவண்டு உண்டக்கட்டி வாங்க வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது. கம்ப்யூட்டர் குரல் போட்டேன். அது ரயில் வருகிற அறிவிப்பு மாதிரி இருந்தது. பொன்னி என்றால் கோதை, அவ்வளவுதான்.

வீட்டிலும் இப்போது பேச்சுக் கம்மி. "சோறு மூடி வெச்சிருக்குது." "கேஸ் வந்துச்சு." "வெங்காயம் கிலோ நாப்பது." காலையில் காபியை வைத்துவிட்டு அவள் கொடிகளிடம் போய்விடுவாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது பழக்கம்தான். சத்தமில்லாத படத்தை விடிய விடியப் பார்ப்பதுதானே என் தொழில்? கடையிலும் அப்படி, வீட்டிலும் அப்படி. ஒரு வித்தியாசமும் இல்லை.

இருங்க, காலடிச் சத்தம். பாட்டில் தெரிகிறதா? நீங்கள் கொஞ்சம் இப்படித் தள்ளி உட்காருங்க.

வா கோதை. இவங்க ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் காலனி. சும்மா பாத்துட்டுப் போலாம்னு... தலையணையா? அது எதுக்கு உனக்கு இப்ப?

எடுத்துவிட்டாள்.

ஆமாம். ஆமாம், அதுதான். அங்கேயும் படம் போயிருக்கிறது. நான் அனுப்பவில்லை. எத்தனை வீட்டில் பிடிக்கிறார்கள் என்று அவள் உங்களைத்தான் கேட்கிறாள், சொல்லுங்க சார். எல்லா வீட்டிலுமா? என்னைப் பார்க்காதே கோதை, எனக்கு எப்படித் தெரியும்?

பார்த்தீர்களா? பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மறுபடி மாடிக்குப் போகிறாள். கொடியில் விடத்தான். இனி உங்கள் முள்ளாண்டிகள் எங்கள் வீட்டு அவரையில்தான் சாப்பாடு. புது விதை இனிமேல்தான் ஊன்ற வேண்டும் என்றாலும் பழைய கொடி ஒன்று இன்னும் இருக்கிறது, பாதி காய்ந்துபோய். பேன் மட்டும் தாராளம்.

சரி, வந்ததற்கு இரண்டாவது படத்தையாவது பாருங்க. சத்தம் இருக்காது, நீங்களே மனசுக்குள் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இதோ, தின்கிறான். இதோ கூடு. இப்போது பாருங்க, பிளக்கிறது... மஞ்சள்... பொட்டு வருகிறது பார்த்தீர்களா? ஒன்று... ஆங்! எப்படி?

வந்துவிட்டாயா? நில்லேன், நீயும் பார். நீ இதைக் கடைசி வரைக்கும் பார்த்ததே இல்லை.

இது பொன்னி திரும்பி நம்மைப் பார்க்கிற இடம். இங்கே சும்மா ஒரு வாயசைவு போட்டு வைத்திருக்கிறேன். எந்த வரிக்கும் இல்லை. வாய் இருந்தால் அசைய வேண்டுமே என்று...

என்ன? மறுபடி போடவா? எதற்கு? சரி, போடுகிறேன்.

இரண்டு உதடும் மூடுகிறதா? எங்கே? அது... அப்படித்தான் வந்துவிட்டது கோதை. கை போன போக்கில்.

சார், நீங்கள் கேட்டீர்களா? இவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள், "போன படத்துல நான் தப்பாச் சொல்லிட்டேன். முள்ளாண்டி என் புள்ளை." தப்பா என்கிற இடத்தில் உதடு மூடித் திறக்கிறது. புள்ளை என்கிற இடத்திலும் மூடுகிறது. "விட்டுருங்க" வரைக்கும் பொருந்துகிறது என்கிறாள். சிரிக்கிறாள் பாருங்க. தற்செயலாகப் பொருந்துவதுதான் சார், இந்தத் தொழிலில் அப்படி நடக்கும். ஆமாம், அவள் வாயைப் பார்த்துப் பார்த்து வரைந்து கை பழகிவிட்டது, வேறொன்றும் இல்லை.

எங்கே போகிறாய்? போர்வையா? பீரோவுக்கு மேல்தட்டில் இருக்கிறது. இரு, உனக்கு எட்டாது, நான் எடுத்துத் தருகிறேன்.

சார், அந்த ஃபேனை நிறுத்துங்க. ஃபிரிட்ஜ் சுவிட்ச் உங்களுக்குப் பின்னால். நாற்காலியை அசைக்காதீங்க, அது கத்தும். மூச்சு விடலாம், மெதுவாக விடுங்க. இனி அவள் முடிக்கிற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. நானும்தான்.